பிறர் காண ஏற்றும் விளக்குகள்

ஏர்பஸ் ஏ320 விமானத்தில், விமானிகளின் தலைக்கு மேலுள்ள பலகையின் கீழ்ப்பகுதியில், புறவிளக்குகளுக்கென்று எட்டு சுவிட்சுகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. விமானத்தை உயரத் தூக்குவதற்கோ திருப்புவதற்கோ அவற்றுள் ஒன்றுகூட உதவுவதன்று. எட்டையும் அணைத்துவிட்டுப் புறப்பட்டாலும் கணிப்பொறித் திரையில் விமானம் யாதொரு குறையுமின்றிப் பறக்கவே செய்யும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்காக ஃப்ளைபைவயர் குழுவினர் இலவசமாக வழங்கும் ஏ32என்எக்ஸ் விமானத்தை ஒரு மாத காலம் ஓட்டிப் பார்த்தபின், அதன் ஏனைய சிறப்புகளை எடுத்துரைக்கப் பலர் இருக்கிறார்கள் என்பதனால், அசிரத்தைக்கு உள்ளாகிக் கிடக்கும் இந்த எட்டு சுவிட்சுகளைப் பற்றி மட்டும் எழுதலாமென்று எண்ணினேன்.

விமானி பிறவற்றைக் காண்பதற்கு உதவும் விளக்குகள் சில. பிறர் விமானத்தைக் காண்பதற்காகவே எரிபவை சில. இடச்சிறகின் நுனியில் சிவப்பும் வலச்சிறகின் நுனியில் பச்சையும் வாலில் வெண்மையுமாக எரியும் நாவிகேஷன் விளக்குகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கப்பல்களின் சம்பிரதாயத்திலிருந்து வந்த இந்த ஏற்பாட்டினால், சிவப்பும் பச்சையும் ஒருங்கே தெரிந்தால் விமானம் நம்மை நோக்கி வருகிறதென்றும், வெண்மை மட்டும் தெரிந்தால் விலகிப் போகிறதென்றும் காரிருளிலும் அறிந்துகொள்ளலாம். செந்நிறமாய் மின்னும் பீக்கனோ, முதல் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே ஏற்றப்பட்டு, கடைசி எஞ்சின் சுழற்சி ஓய்ந்த பின்னரே அணைக்கப்பட வேண்டியது. அது எரியும்வரை தரைப் பணியாளர் எஞ்சினை அணுகலாகாது. திரையிலுள்ள பணியாளருக்கு ஆபத்து ஏதுமில்லையெனினும், பீக்கனை ஏற்றியபின் சில கணங்கள் தாமதித்தே எஞ்சினைத் தொடுவதை நான் நியமமாகக் கொண்டிருக்கிறேன்.

ஆயினும் என் சிந்தையை மிகுதியும் ஆட்கொண்டது ஸ்ட்ரோப் என்னும் வெண்மின்னல் விளக்கே. அதன் சுவிட்சுக்கு ஆன், ஆட்டோ, ஆஃப் என மூன்று நிலைகள். ஆட்டோவில் வைத்தால், சக்கரங்கள் தரையை விட்டெழுந்த பின்னரே அது மின்னத் தொடங்கும். ஏ32என்எக்ஸில் இது பிசகாமல் நிகழக் கண்டேன். விலைகொடுத்து வாங்கிய வேறொரு விமானத்தில் ஆனும் ஆட்டோவும் ஒன்றுபோலவே இயங்கியதைக் கண்டு வருந்தியவன் ஆகையால், இந்த நுட்பத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஆட்டோவையே நம்பியிருத்தல் தகாது. ஓடுபாதைக்குள் நுழையும்போதே கையால் ஆனுக்குத் தள்ளிவிட வேண்டும்.

அதன் காரணத்தை உணர்வதற்கு 1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி அந்திவேளையில் லாஸ் ஏஞ்சலிஸ் நிலையத்தில் நேர்ந்ததை நினைத்துப் பார்த்தல் போதும். 24 இடது என்னும் ஓடுபாதையில், ஒரு டாக்ஸிவே வந்து கூடுமிடத்தில், புறப்படுவதற்கு அனுமதி எதிர்நோக்கி ஒரு சிறிய மெட்ரோலைனர் நின்றுகொண்டிருக்க, அதே பாதையில் இறங்கும் அனுமதி பெற்ற போயிங் 737 பின்னாலிருந்து வந்து அதன்மேல் மோதியது; 35 பேர் மாண்டனர். முன்னே நின்ற விமானத்தின் விளக்குகள் ஓடுபாதையின் விளக்குகளோடு கலந்து, பிரித்தறிய இயலாதவையாக இருந்தன.

அந்த இடத்திலேயே, அந்தப் பொழுதிலேயே, என் விமானத்தைச் சிமுலேட்டரில் நிறுத்தி, இறங்கிவரும் விமானியின் பார்வை எங்கிருக்குமோ அங்கே வெளிக்காமிராவைக் கொண்டுபோய் வைத்தேன். மையக்கோட்டு விளக்குகளின் வெண்வரிசையில் என் வால்விளக்கும் ஒன்றாகக் கலந்து நின்றது. அதன் இடம் எனக்குத் தெரிந்திருந்தும் தேடவேண்டியிருந்தது. ஸ்ட்ரோபை ஏற்றிவிட்டு மீண்டும் அங்கே போனேன். தேடுவதற்கு அவசியமே இல்லாமல் விமானம் பிரத்தியட்சமாய் நின்றது. உள்ளே அமர்ந்து சுவிட்சைத் தள்ளுகிறவன் ஒருநாளும் காணாத காட்சி அது. ஒரே விசையால் விளக்குகள் அனைத்தையும் ஏற்றிவிடும் வசதி இவ்வகை மென்பொருள்களில் நெடுநாளாக உண்டெனினும், கற்கிறவர் அதை மறந்துவிடுதல் நலம் என்பது என் அபிப்பிராயம்.

மற்றவை எளிது. ஓடுபாதையில் வந்து நின்றதும் லேண்டிங் விளக்கு நீங்கலாக எல்லாம் எரிய வேண்டும்; புறப்பட அனுமதி கிடைத்ததும் அதுவும் எரிய வேண்டும்; 10,000 அடியைக் கடந்ததும் அதை அணைத்துவிடலாம். மூக்கு விளக்கு, சக்கரங்கள் உள்ளே மடங்கியதும் தானே அணைந்துவிடும்.

எந்தத் திரையும் தரமுடியாதது ஒன்றுண்டு: கூச்சம். இரவில் எதிரே நிற்பவர் கண்ணில் மூக்கு விளக்கு அறைகிறபோது உண்டாகும் குருட்டு நிலையைத் திரையின் வெண்மை உணர்த்துவதில்லை. ஆகையால் எதிரே விமானம் நிற்கும்போது அவ்விளக்கை அணைக்கும் மரியாதை தனியே ஓட்டுகிறவனுக்குப் பழக்கமாவதில்லை. வாட்சிம் என்னும் வலையில் சேர்ந்து பறந்தாலோ, நம் விளக்குகளின் நிலை பிறர் திரைக்கும் போய்ச் சேருகிறது. சென்ற வாரம் ஃபிராங்க்ஃபர்ட்டில், இரவு வேளையில், ஒரு டாக்ஸிவே திருப்பத்தில் எனக்கு வழிவிட்டு நின்ற முன்பின் அறியாத ஒருவர், நான் அவர் பக்கமாகத் திரும்பும் முன்பே தம் மூக்கு விளக்கை அணைத்தார். என் விளக்கு அவர்மேல் விழுந்துகொண்டிருப்பது அப்போதுதான் என் நினைவுக்கு வர, நானும் அணைத்துவிட்டு, டாக்ஸிவேயின் நீல விளக்குகளைப் பார்த்துக்கொண்டே அவரைக் கடந்து போனேன்.