ஒரிஜினல் என்பது எது?

தமிழில் கார் அஃறிணை. வந்தது, நின்றது, புகைந்தது என்றுதான் வினை முடியும். ஆனால் பழைய கார்களைத் தேடி வாங்கிச் சீர்செய்யும் ஆண்களோடு அரைமணி நேரம் பேசிப்பாருங்கள், இலக்கணம் மாறிவிடும். "இவ காலையில கொஞ்சம் அடம்பிடிப்பா, வெயில் ஏறிட்டா சொன்னபடி கேப்பா" என்றார் வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு தோப்புக்குள் பழைய மெர்சிடிஸ் டீசல் கார் வைத்திருப்பவர். அடம் ஒன்றும் இல்லை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். ஆறிப்போன இன்ஜினில் அந்தச் சூடு போதாது என்பதால்தான் க்ளோ பிளக் வைத்து முதலில் உள்ளே சூடேற்றுகிறார்கள். நான்கில் ஒன்றிரண்டு வேலை செய்யாவிட்டால் காலையில் கிளம்பத் தகராறு வரும். சின்னச் சாமான் ஒன்றை மாற்ற வேண்டிய இடத்தில் ஒரு பெண்ணின் குணத்தைப் பற்றிய பேச்சு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இப்படிச் சில தகரக் கொட்டகைகளுக்குப் போய் வந்திருக்கிறேன். ஒரு நாவலை வாசிப்பதுபோல இந்தப் பொழுதுபோக்கையும் வாசிக்கலாம். அதற்கென்று சொற்கள் இருக்கின்றன, கதாநாயகர்கள் இருக்கிறார்கள், விட்டுவிடப்பட்ட பாத்திரங்களும் இருக்கிறார்கள்.

காரைப் பெண்ணாக்குவது இவர்கள் கண்டுபிடித்ததில்லை. 1985இல் வந்த 'படிக்காதவன்' படத்தில் ரஜினிகாந்தின் டாக்சிக்குப் பெயர் லட்சுமி. பம்பாய் குர்லாவில் பியட் 1100 காரைத் தயாரித்துவந்த பிரீமியர் நிறுவனம் 1970களில் அதற்குப் பத்மினி என்று பெயர் வைத்தது. தீயில் இறங்கியதாகக் கதை சொல்லப்படும் சித்தூர் ராணியின் பெயர் அது. அதே பத்மினிக்குள் 1990களில் இத்தாலிய டீசல் இன்ஜினைப் பொருத்தி 137டி என்று விற்றார்கள். டாக்சி ஓட்டுபவர் தன் வண்டியை லட்சுமி என்பதற்கும் தோப்புக்காரர் தன் மெர்சிடிஸை 'இவ' என்பதற்கும் வித்தியாசம் உண்டு என்றே நினைக்கிறேன். முதலாமவருக்கு அது சோறு போடுகிறது. இரண்டாமவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை.

இவர்கள் அதிகம் பயன்படுத்தும் சொல் 'ஒரிஜினல்'. ஒரிஜினல் பெயின்ட், ஒரிஜினல் இன்ஜின், ஒரே கை மாறிய வண்டி. கை படாதது உயர்வு, பல கை மாறியது தாழ்வு என்ற கணக்கை நம் வீடுகளில் வேறு எந்தப் பேச்சில் கேட்டிருக்கிறோம் என்பதை வாசகிகளுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. சட்டமும் இந்தச் சொல்லின் பக்கம்தான் நிற்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் காரே 'விண்டேஜ்'. அதற்குத் தனி எண் வரிசை உண்டு, புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நிறுவனம் முதலில் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. சாலைப் பாதுகாப்புக்கு அது தேவை, அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை அந்தச் சொல்லோடு.

ஏனென்றால் ஒரிஜினல் என்று காட்டப்படுகிற கார் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. மெர்சிடிஸ் 240டி காரில் இருப்பது ஓஎம்616 என்ற இன்ஜின். அந்த வகை இன்ஜினை பஜாஜ் டெம்போ நிறுவனம் உரிமம் பெற்று இந்தியாவிலேயே செய்தது. டிராக்ஸ் வேனில் ஓடியது அதுதான். ஆகவே ஜெர்மன் காருக்குச் சாமான் வேண்டுமென்றால், நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை அடைத்து ஏற்றிப்போன வேனின் சாமானைத் தேடுவார்கள். இதை அவர்களே ரகசியமாகப் பெருமையோடு சொல்வதுண்டு. கண்காட்சியில் வைக்கும் பலகையில் மட்டும் எழுதமாட்டார்கள். கோயில் தேருக்கு இந்தக் கவலை இல்லை. தமிழ்நாட்டில் பல தேர்களின் மரச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, திருச்சி பெல் செய்து கொடுத்த இரும்புச் சக்கரத்தையும் அச்சையும் மாட்டியிருக்கிறார்கள். வடம் பிடிக்கிற யாரும் இது ஒரிஜினல் தேரா என்று கேட்டதில்லை.

பெட்ரோல் காருக்கு டீசல் இன்ஜின் ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உழவையும் லாரியையும் பேருந்தையும் மனதில் வைத்து டீசல் விலையை அரசு வெகுகாலம் தாழ்த்தி வைத்திருந்தது. 2014 அக்டோபரில்தான் அந்தக் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது. 1990களின் நடுவில் டீசல் விலை பெட்ரோல் விலையில் பாதிகூட இல்லை. வாடகைக்கு ஓட்டியவர்கள் அம்பாசடரிலும் பியட்டிலும் இருந்த பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். எடை கூடியதால் முன்பக்கம் தாழும், ஸ்பிரிங் மாற்ற வேண்டும், மவுன்டிங் வெட்டி ஒட்ட வேண்டும், கண்ணாடி முதல் கதவு வரை எல்லாம் நடுங்கும். இருந்தாலும் மாற்றினார்கள், அந்த நடுக்கத்தில்தான் பல குடும்பங்கள் பிழைத்தன.

பாகூர் கொம்யூனில் என் பெரியப்பா வைத்திருந்தது 1971ஆம் ஆண்டு பியட். முகூர்த்தம், சாவு, பிரசவத்துக்கு ஜிப்மர் என்று ஓடிய வண்டி. 1997இல் அதற்கு டீசல் இன்ஜின் போட்டார்கள். பணம் பெரியம்மாவின் ஆறு பவுன் சங்கிலி. அடகுக் கடையில் வைத்தது, வட்டி ஏறி, மூழ்கிப்போனது. பெரியம்மா அதன்பிறகு மஞ்சள் கயிறோடுதான் இருந்தார். டீசல் இன்ஜின் பதினான்கு வருடம் ஓடியது. பெரியப்பா இறந்தபின் வண்டி கைமாறி, கடைசியில் ஒரு சேகரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் டீசல் இன்ஜினைக் கழற்றி எடைக்குப் போட்டார். வேறொரு பியட்டிலிருந்து 1089 சிசி பெட்ரோல் இன்ஜினைத் தேடிக் கொண்டுவந்து மாட்டினார். கடற்கரைச் சாலையில் ஒரு பழைய கார் கண்காட்சியில் அதைப் பார்த்தோம். முன்னால் ஒரு பலகை: ஆண்டு, மாடல், முதல் சொந்தக்காரர் பெயர், 'ஒரிஜினல் இன்ஜின்'. பெரியம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். "அந்த இன்ஜின என்ன பண்ணாங்களாம்மா?" என்று கேட்டார். எடைக்குப் போட்டதைச் சொன்னேன். "என்ன எடை இருந்திச்சாம்?" என்று மறுபடி கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

வேறொரு காரின் வயிற்றிலிருந்து வந்த இன்ஜின் ஒரிஜினல் ஆகிறது. அந்தக் காருக்குள் பதினான்கு வருடம் ஓடிய இன்ஜின் களங்கம் ஆகிறது. மீட்டெடுத்தல் என்று இவர்கள் சொல்லும் வேலையில் மீள்வது எந்த வருடம் என்பதை யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாள்தான் தேர்வாகிறது. அதற்குப் பிறகு நடந்தவை, அதாவது அடகு, ஒட்டுவேலை, பிரசவத்துக்குப் போன ராத்திரிகள் எல்லாம் துரு என்ற கணக்கில் சுரண்டப்படுகின்றன. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை, பங்காரி என்ற தாசி வெட்டுவித்தாள் என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள். கதையோ வரலாறோ, ஒரு பெண் போட்ட பணத்துக்கு வாய்க்கால் அளவுக்காவது பெயர் கிடைத்திருக்கிறது.

கொட்டகை வேலையில் பெண்கள் இல்லை என்று சொல்வதும் தவறு. டீசல் ஊறிய பேன்ட்டை மற்ற துணியோடு ஊறப்போட முடியாது. தனி வாளி, தனிச் சோப்பு, இரண்டு தண்ணீர் அலசினாலும் வாடை போகாது. ஞாயிறு மதியம் கொட்டகைக்கு நான்கு நண்பர்கள் வந்தால் நான்கு பேருக்கும் மீன் குழம்பு. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது. இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது பெரும்பாலும் சமையற்கட்டின் பின்புறம். ஒரு வீட்டில் சீட் முழுவதையும் தைத்தது அவருடைய மனைவி. பழைய ரெக்சினைப் பிரித்து, தாளில் அளவெடுத்து, ஓரப் பைப்பிங்கோடு வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே தைத்திருக்கிறார். ஊசி மூன்று முறை உடைந்ததாம். பார்க்க வருகிறவர்களிடம் கணவர் "உள் வேலை எல்லாம் வீட்லயே முடிச்சிட்டோம்" என்கிறார். அந்தப் பன்மையில் எத்தனை பேர் என்று அவர் பிரித்துச் சொல்வதில்லை. பட்டி தேய்த்த கூலியாளுக்கும் அதே பன்மைதான்.

2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகவும், அப்படிச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாகவும் சொன்னது. பொழுதுபோக்கு என்பது பணத்தால் மட்டும் வருவதில்லை. இன்ஜினை ஆறு மாதம் பிரித்துப்போட்டுவிட்டு மறுபடி அதற்குத் திரும்பிவர ஒருவருக்கு முடிகிறதென்றால், அந்த ஆறு மாதமும் அடுப்பை வேறொருவர் அணையாமல் பார்த்துக்கொண்டார் என்று பொருள். இந்தப் பொழுதுபோக்கை நான் வெறுக்கவில்லை. தூக்கி எறியாமல் பழுது பார்ப்பது நல்ல பழக்கம், அந்தப் பொறுமையும் அறிவும் மதிக்கத் தக்கவை. அது ஏன் ஒரு கொட்டகைக்குள் ஒரு பாலுக்கு மட்டும் சேமித்து வைக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, பெண்களுக்கான சைக்கிள் போதாமல் பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பொருளைத் தன் தேவைக்கு வளைப்பது பெண்களுக்குப் புதிதல்ல. அதற்கு 'மாடிஃபிகேஷன்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை ஒரு கொட்டகையில் சொன்னபோது பதிலாக பெர்தா பென்ஸ் கதை வந்தது. மெர்சிடிஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்சைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காரை ஓட்டிப்போன பெண். எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார், பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் ஒட்டச் சொன்னார். எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் அந்தக் கொட்டகையில் அதன் பாதிதான் சொல்லப்பட்டது. திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்து கார்ல் பென்ஸின் பட்டறையைக் காப்பாற்றியதும் பெர்தாதான். அந்தப் பாதியைக் கேட்கும்போது எனக்கு ஜெர்மனி நினைவுக்கு வருவதில்லை, ஆறு பவுன் சங்கிலி நினைவுக்கு வருகிறது.

வில்லியனூர் கொம்யூனில் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி மூன்று வருடமாக ஒரு பெஜோ 309 டீசல் காரில் வேலை செய்கிறாள். பாலிடெக்னிக் படித்தவள். கல்யாணில் 1990களில் சில வருடமே தயாரான கார் அது. நிறுவனம் மூடியதும் சாமான் கிடைக்காது என்று எல்லோரும் கைவிட்டார்கள். அதே 1527 சிசி பெஜோ இன்ஜின்தான் பிறகு மாருதி ஜென், எஸ்டீம் டீசல் கார்களில் வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு, உடைத்து விற்கும் கடைகளில் ஜென் சாமானாகத் தேடி எடுக்கிறாள். நான் போயிருந்த அன்று குழாயில் காற்று ஏறி இன்ஜின் எடுக்கவில்லை. இன்ஜெக்டர் முனையில் நட்டைச் சற்றுத் தளர்த்திவிட்டு, குமிழ் இல்லாமல் டீசல் கசியும்வரை அம்மாவைச் சாவி திருகச் சொன்னாள். அம்மாவுக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லாமலே தெரிந்திருந்தது. வண்டியை 'அது' என்றுதான் இருவரும் சொன்னார்கள்.

ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறாள். தேதி, சாமான், எந்தக் காரிலிருந்து எடுத்தது, விலை, பணம் யாருடையது என்று ஐந்து கட்டம். கடைசிக் கட்டத்தில் 'அம்மா, பால் பணம்' என்று பல இடங்களில் இருந்தது. சீட்டு எடுத்த பணம், இவளுடைய டியூஷன் பணம், ஒரே ஒரு இடத்தில் பெரிய அண்ணன்.

கார் இறந்துபோன அப்பாவின் பெயரில் இருக்கிறது. அவர் சம்பாதித்து வாங்கியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு உண்டு. பெயர் மாற்றப் படிவம் 31, வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கையெழுத்து வேண்டும். கொட்டகையில் மூடிக் கிடந்தவரை அந்த வண்டியை யாரும் கேட்கவில்லை. இன்ஜின் ஓடத் தொடங்கியபின் சின்ன அண்ணன், இப்போது இதற்கு என்ன விலை போகும் என்று விசாரித்திருக்கிறார். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார், பெரிய அண்ணனும் போட்டுவிட்டார். சின்னவர் பொங்கலுக்கு வரும்போது பேசலாம் என்று சொல்லியிருக்கிறாராம். அதற்குள் டைமிங் பெல்ட்டை மாற்றிவிட வேண்டும் என்று அவள் சாமான் தேடிக்கொண்டிருக்கிறாள்.