வலை அசைந்த கணம்

நேரில் பார்த்த முதல் கோல் எது என்று ஜொகூர் காற்பந்து ரசிகர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். பந்தைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார். ஜொகூர் பாருவின் லார்க்கின் அரங்கத்துக்குப் பேருந்திலிருந்து இறங்கி நடந்தது, அப்பா டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்து அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டது, வாசலில் கூம்புக் காகிதத்தில் கச்சாங் பூத்தே வாங்கியது, படி ஏறி முடித்ததும் கண்ணில் அறைந்த பச்சை என்று போகும். கோல் வந்து சேர வெகு நேரம் ஆகும். குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். கோலுக்கு வந்து சேரும் வழியில்தான் இந்தக் கதைகளின் ருசி இருக்கிறது.

அந்தப் பச்சையில் கொஞ்சம் நிற்கலாம். விளக்கொளியில் திடல் காட்டும் பச்சை பகலில் எந்தப் புல்லிலும் கிடையாது. சாம்பல் நிறச் சிமெண்டுப் படிகளில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடியே ஏறுகிற சிறுவனுக்கு அது திடீரென்று மொத்தமாகக் கிடைக்கிறது. மலேசியத் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது 1978-ல். தோட்டத்து வீடுகளுக்கு அது வந்து சேர இன்னும் சில வருடங்கள் பிடித்தன. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் மொக்தார் டஹாரியின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு, ஆட்டக்காரர்கள் போட்டிருக்கும் சட்டை என்ன நிறம் என்பதே அரங்கத்துக்கு வந்த பிறகுதான் தெரியும்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது வலை. குளுவாங் பக்கமும் கூலாய் பக்கமும் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் சொல்லும்போது தவறாமல் இது வரும். தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் இருக்கும், சில இடங்களில் குறுக்குக் கம்பும் இருக்கும். வலை இருக்காது. கோல் விழுந்தால் பந்து நேரே ரப்பர் மரங்களுக்குள் ஓடிவிடும். அடித்தவன் கொண்டாடிக்கொண்டிருக்க, கடைசியாக ஆட்டத்தில் சேர்ந்த சின்னப் பையன் பந்தைத் தேடிப் போவான். பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று சண்டையும் நடக்கும். இப்படிப் பழகிய கண், லார்க்கினில் முதல் கோலைப் பார்க்கிறது. பந்து பாய்கிறது, வலை பின்னால் புடைக்கிறது, புடைத்த இடத்திலிருந்து பந்து வழிந்து கீழே விழுந்து அங்கேயே கிடக்கிறது. யாரும் எடுக்க ஓடவில்லை. சண்டை இல்லை. நடந்தது நடந்துவிட்டது என்பதற்கு வலையே சாட்சி. இதைச் சொல்லும் பெரியவர்கள் உள்ளங்கையைக் குழித்துக் காட்டுவார்கள். அடித்தவர் பெயர் மறந்து போயிருக்கும், அந்தக் குழிவு மறப்பதில்லை.

இன்னொரு நயம், முதல் கோலைப் பலரும் பார்த்ததே இல்லை என்பது. ஏழெட்டு வயதுப் பையன் உட்கார்ந்திருக்கிறான். பந்து பெனால்டிப் பகுதிக்குள் வந்ததும் முன்வரிசை எழுகிறது. அவனுக்குக் கிடைப்பது வேர்த்த முதுகுகள், தூக்கிய கைகள், எவருடைய கையிலிருந்தோ தெறித்த தே ஓ. பிறகுதான் அந்தச் சத்தம்.

"என்னாப்பா ஆச்சு?"

"கோலுடா! பார்க்கலியா நீ?"

பார்த்தேன் என்றுதான் சொல்லுவான். அந்த இடத்தில் வேறென்ன சொல்ல முடியும்? வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அப்பா சொன்னதும் அடுத்த இருக்கைக்காரர் சொன்னதும் சேர்ந்து அவனுக்கென்று ஒரு கோல் தயாராகிவிடும். நாற்பது வருடம் கழித்து அவன் சொல்லும்போது பந்து எந்த மூலைக்குள் போனது என்பது வரை சுத்தமாக இருக்கும். பொய் என்று நான் சொல்லமாட்டேன். அரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போன அப்பாவின் குரலும் அந்தக் கோலில் சேர்ந்திருக்கிறது.

அந்தத் தலைமுறைக்குப் பெரிய வருடம் 1991. மைக்கேல் உருக்காலோ பயிற்சியில் ஜொகூர் அணி லீக்கையும் வென்று, இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 3-1 என்று வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தையும் தூக்கியது. சிலாங்கூரை வென்றதில் நம் தமிழர்களுக்கு ஒரு தனிக் கணக்கும் உண்டு. அதற்கு முந்தைய காலங்களில் சிலாங்கூர் கோல்கீப்பராக நின்றவர் 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளோடு நம் ஆள் ஒருவர் எதிரே நிற்க, ஜொகூர் கோல் அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது எத்தனை சங்கடம்! அவர் 1988-ல் விபத்தில் இறந்து போனார். 1991-ல் அந்தச் சங்கடம் இல்லை.

லார்க்கினில் விழுந்த கோல்களில் உலகமே அறிந்த ஒன்றோ ஜொகூர் அணி அடித்ததல்ல. 1997 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை இரவு. பிரான்சில் நடக்கவிருந்த உலகக் கிண்ணத்துக்கு ஆசியாவின் மூன்றாவது இடம் யாருக்கு என்று தீர்க்க ஜப்பானும் ஈரானும் பொது இடமாக ஜொகூர் பாருவுக்கு வந்தன. அரங்கம் ஜப்பானிய நீலமாக இருந்தது. ஊர்க்காரர்களுக்கு இரண்டு அணியும் அந்நியம். அதனாலேயே அவர்கள் நிம்மதியாக ரசித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஜப்பானுக்கு நாகாயாமா முதல் கோல் போட்டார். இடைவேளை முடிந்த சூட்டிலேயே ஈரானின் அசீசி சமன் செய்தார். முந்தைய நாள் பயிற்சிக்குச் சக்கர நாற்காலியில் வந்து, ஆடமாட்டார் என்று எதிரணியை நம்பவைத்த அதே அசீசிதான். பிறகு அலி டேயி தலையால் முட்டி ஈரானை முன்னே கொண்டுபோனார். மாற்று ஆட்டக்காரராக வந்த ஜோ ஷோஜி, நாக்காத்தா அனுப்பிய பந்தைத் தலையால் திருப்பி 2-2 ஆக்கினார். கூடுதல் நேரம். யார் முதலில் கோல் போட்டாலும் ஆட்டம் அந்த நொடியே முடிந்துவிடும். அன்றைய விதி அது.

அப்போது உள்ளே வந்தவர் ஜப்பானின் ஒக்கானோ. நீண்ட தலைமுடி, அசுர வேகம். வந்தவர் வாய்ப்பு மேல் வாய்ப்பாகத் தவறவிட்டார். கோல்கீப்பரோடு நேருக்கு நேர் நின்ற ஒரு தருணத்தில் அடிக்காமல், பக்கத்தில் வந்தவருக்குத் தள்ளிவிட்டுக் கெடுத்தார். பெனால்டி உதைகளுக்கு இன்னும் இரண்டு நிமிடமே பாக்கி. 118-வது நிமிடம் நாக்காத்தா நடுவில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, இடது காலால் தூரத்திலிருந்தே அடித்தார். ஈரானின் அபெத்சாதே பாய்ந்து தடுத்தார். தடுத்த பந்து அவர் கைக்குள் நிற்கவில்லை, முன்னால் உருண்டது. உருண்ட இடத்துக்கு ஒக்கானோ சறுக்கிக்கொண்டே வந்து காலை வைத்தார்.

இந்தக் கோலில் உதை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. வலை அதிரக்கூட இல்லை. பாதத்தை வைத்துத் தள்ளினார், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் அத்தனை வாய்ப்பையும் கெடுத்தவர், தன் சகா அடித்த பந்தை ஏன் நம்பிக்கையோடு பின்தொடர்ந்து ஓடினார் என்பதைத்தான் நான் ரசிக்கிறேன். பந்து வலைக்குள் போய்விடும் என்று நினைத்தவர் நின்று பார்த்திருப்பார். ஒக்கானோ நிற்கவில்லை. பிறகு கைகளை விரித்து ஓடினார், ஓரத்தில் இருந்த ஜப்பானியக் கூட்டமே திடலுக்குள் பாய்ந்தது. 1993-ல் தோகாவில் கடைசி நொடியில் உலகக் கிண்ண வாய்ப்பை இழந்த நாடு, முதல் முறையாக அங்கே போகும் உரிமையை ஜொகூர் பாருவில் பெற்றது. ஜப்பானியர்கள் அந்த இரவை இன்றும் நம் ஊர்ப் பெயரோடு சேர்த்தே குறிப்பிடுகிறார்கள், 'ஜொகூர் பாருவின் பேரானந்தம்' என்று. ஈரானும் இருவாரத்தில் ஆஸ்திரேலியாவோடு சமன் செய்து பிரான்சுக்குப் போய்விட்டது என்பதால், ஊர்க்காரர்கள் மனக்குறை இல்லாமல் அந்தப் பெருமையை வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பின் வந்தவர்களின் காலம் ஜேடிடி காலம், அதாவது ஜொகூர் டாருல் தாக்சிம் கிளப்பின் காலம். 2013-ல் புதிய பெயரும் சிவப்பு நீலச் சட்டையும் வந்தன, 2014 முதல் லீக் கிண்ணமும் வீட்டைவிட்டுப் போகவில்லை. அந்நாளில் அரங்கத்துக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்பாக்கள் கை நீட்டிக் காட்டிய ஆள் எஸ். குணாளன். வலப்பக்கத் தற்காப்பாளர் கோல் அடிப்பது அபூர்வம். ஆனாலும் ஒரு பாதி நேரம் முழுக்க அவர் நம் இருக்கை ஓரமாகவே ஏறி இறங்கிக்கொண்டிருப்பார், மூச்சு வாங்குவதுகூடத் தெரியும். இடைவேளைக்குப் பிறகு எதிர்ப்பக்கம் போய்விடுவார். பிள்ளைக்கு அது பெரிய ஏமாற்றம்.

அவர்களில் சிலருக்கு முதல் கோல் அரங்கத்திலேயே கிடைக்கவில்லை. 2015 அக்டோபர் 31, தீபாவளிக்குப் பத்து நாள் முன். தஜிகிஸ்தானின் துஷான்பேயில் ஏஎஃப்சி கிண்ண இறுதி. லியாண்ட்ரோ வெலாஸ்கேஸ் 23-வது நிமிடத்தில் போட்ட ஒரே கோல் இஸ்திக்லோலை வீழ்த்தியது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் கிளப் ஜேடிடி. இங்கே அதை மமாக் கடைத் திரையில் பார்த்தார்கள். சீக்கிரமே விழுந்த கோலுக்கு ஒரு கொடுமை உண்டு, மீதி அறுபத்தேழு நிமிடமும் அதைக் காத்துக்கொண்டு உட்கார வேண்டும். ரொட்டி சானாய் ஆறிப்போனது யாருக்கும் நினைவிருக்காது.

2020-ல் இஸ்கந்தர் புத்ரியில் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராகிம் அரங்கம் வாழையிலையை மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்டது. நாற்பதாயிரம் பேருக்கு இலை போட்ட மாதிரி என்று நம்மவர்கள் கிண்டலடிக்க இதைவிட வசதி வேண்டுமா? இருக்கை வரிசைகள் செங்குத்தாக ஏறுவதால் முன்னால் இருப்பவர் எழுந்தாலும் பிள்ளைக்குத் தெரிகிறது. தெரியாவிட்டால் பெரிய திரை திரும்பக் காட்டிவிடும். சௌகரியம்தான். அப்பா சொல்லிக் கட்டிய கோலுக்கு இனி இடமில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அங்கேயும் ஒரு விநோதம் நடந்தது. 2022 ஏப்ரல் 30, நோன்பு மாதத்தின் கடைசி நாட்கள். ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் கொரியாவின் உல்சானோடு 1-1. கடைசி நேரத்தில் பந்து உல்சான் ஆட்டக்காரர் பார்க் யொங் வூ மீது பட்டு அவர்கள் வலைக்குள்ளேயே போனது. ஜேடிடி 2-1 என்று வென்று குழுவில் முதலிடம், மலேசியக் கிளப் எதுவும் அதுவரை தொடாத அடுத்த சுற்று. அன்று இரண்டாம் பாதிக்குத்தான் உள்ளே வர முடிந்தவர்களுக்கு ஜேடிடி கணக்கில் நேரில் பார்த்த முதல் கோல் அதுதான். ஆட்ட அறிக்கையில் கொரியாக்காரர் பெயர் இருக்கிறது. அவர்களைக் கேட்டால் ஜேடிடி அடித்தது என்பார்கள், எந்தக் காலால் என்றும் சொல்லுவார்கள்.