குறிபெறா ஆணும் குறிபெற்ற பெண்ணும்: வீடியோ விளையாட்டுகளில் உடற்சித்திரிப்பு - ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

வீடியோ விளையாட்டுகள் இன்று பல மொழிகளில் பெயர்க்கப்படும் பனுவல்களாக வளர்ந்துள்ளன. அவற்றில் உரையாடல் உண்டு, கதைகூறல் உண்டு, கட்டளைத் தொடர்களும் பொருட்பெயர்களும் உண்டு. ஆயினும் அவற்றின் பாத்திரங்கள் சொல்லால் மட்டும் ஆனவை அல்ல. கண்ணுக்குப் புலனாகும் உடலே அவற்றின் முதல் அடையாளம். அவ்வுடல்கள் ஆணுக்கு ஒருவகையாகவும் பெண்ணுக்கு வேறுவகையாகவும் வரையப்படுகின்றன என்னும் குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. பெரும்பாலும் இது ஒழுக்கம் பற்றிய வாதமாகவே, உடையின் அளவை முன்வைத்தே நடைபெற்று வந்துள்ளது. உடையின் அளவைக் கொண்டு மட்டும் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது என்பதும், இது ஓர் இலக்கண அமைப்பைப் போலச் செயற்படுகிறது என்பதும், தமிழில் பெயர்ப்போர் அதனை அறிந்திருத்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

2. வட்டமும் நாடாவும்

பிராகு மொழியியலாருள் துருபெத்சுகோய் ஒலியனியலில் நிறுவிய குறிபெறு கோட்பாட்டை யாக்கோப்சன் இலக்கணத்திற்கும் விரித்தார். எதிர்நிலையில் நிற்கும் இரண்டனுள் ஒன்று ஒரு பண்பைக் குறித்துக் காட்டும். மற்றொன்று அப்பண்பைப் பற்றி ஒன்றும் கூறாது நிற்கும். 1932ஆம் ஆண்டுக் கட்டுரையில் யாக்கோப்சன் உருசிய மொழியில் கழுதையைக் குறிக்கும் சொற்களை எடுத்துக்காட்டினார். பெண்கழுதைக்குரிய சொல் பெண்மையைக் குறித்தே தீரும். மற்றது பொதுச்சொல்லாகவும் ஆண்பாற் சொல்லாகவும் வழங்கும். 'மாணவன்' என்பதைப் பொதுவாகக் கொண்டு 'மாணவி' என்பதை வேறு பிரித்த நம் பழைய பாடநூல் வழக்கும் இத்தகையதே.

விளையாட்டுலகில் இதற்கு மிகத் தூய எடுத்துக்காட்டு பாக்-மேன். ஜப்பானின் நாம்கோ நிறுவனத்திற்காகத் தோரு இவாதானி உருவாக்கி 1980இல் வெளிவந்த இவ்விளையாட்டின் நாயகன் வாய் திறந்த ஒரு மஞ்சள் வட்டம். பெயரில் 'மேன்' என இருப்பினும் உருவத்தில் ஆண்மைக்குரிய அடையாளம் எதுவுமில்லை. 1982இல் அமெரிக்காவில் மிஸ் (திருமண நிலை சுட்டாத அடைமொழியாகிய 'மிஸ்') பாக்-மேன் வெளிவந்தபோது அதே வட்டத்தின்மீது தலையில் நாடா, உதட்டில் சாயம், கன்னத்தில் மறு ஆகியவை ஏற்றப்பட்டன. வெறும் வட்டம் ஆணாயிற்று; வட்டத்தோடு ஒப்பனையும் சேர்ந்தது பெண்ணாயிற்று. பெயரமைப்பும் அவ்வாறே: 'பாக்-மேன்' என்னும் அடிச்சொல் மாறவில்லை, முன்னே அடைமொழி ஒன்று ஒட்டியது. உருவமும் சொல்லும் ஒரே விதியைப் பின்பற்றியமை நோக்கத்தக்கது.

இவ்விதியின் பொருளியல் விளைவு 2014இல் வெளிப்பட்டது. யுபிசாஃப்ட் நிறுவனத்தின் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' விளையாட்டில் கூட்டாக ஆடும் பகுதிக்குப் பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று வினவப்பட்டபோது, அசைவூட்டமும் குரலும் உடையும் இரட்டிப்பாகும் என்று நிறுவனத்தார் விடையிறுத்தனர். அத்துறையில் பட்டறிவுடைய அசைவூட்டக் கலைஞர் சிலர் இக்கணக்கை மறுத்தனர். கணக்கு சரியா தவறா என்பதைவிட அதன் அமைப்பே நமக்கு முதன்மையானது. ஆணுடல் அடிச்சொல்; பெண்ணுடல் விகுதி. விகுதி சேர்ப்பதே செலவு எனக் கருதப்பட்டது.

3. எழுவரும் ஒருத்தியும்

காப்காம் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' 1991இல் வெளிவந்தது. அதில் ஆடுவோர் தேர்ந்தெடுக்கத்தக்க வீரர் எண்மர். அவர்களுள் ஆடவர் எழுவர். சுமோ மல்லராகிய பருத்த ஹோண்டா, உருசிய மல்லர் சாங்கீஃப், பச்சை நிற விலங்குத்தன்மை கொண்ட பிளாங்கா, படைவீரர் கைல், மெலிந்த உடலும் நீளும் கைகால்களும் கொண்ட இந்திய யோகி தால்சிம் என இவர்களின் உடல்கள் ஒன்றையொன்று ஒவ்வாதவை. தால்சிம் உருவம் இந்தியரைப் பற்றிய அயலார் கற்பனையின் விளைவு என்பது தனியே ஆராய்தற்குரியது. எட்டாமவராகிய சுன்-லி மட்டுமே பெண்.

சுன்-லியின் வலிமை அவருடைய கால்களில் உள்ளது. வரைந்தோர் அதற்கேற்ப அவருக்கு உறுதியான தொடைகளை அளித்தனர். ஆதலின் அவ்வுருவத்தைக் குறைகூறுதல் இங்கு நோக்கமன்று. குறை எண்ணிக்கையில் உள்ளது. எழுவகை ஆணுடல் இருப்பதால் அவற்றுள் எதுவும் 'ஆண்' என்பதன் இலக்கணமாகக் கொள்ளப்படுவதில்லை. பெண்ணுடல் ஒன்றே இருப்பதால் அதுவே 'பெண்' என்பதன் இலக்கணமாகிவிடுகிறது. 1981இல் 'டாங்கி காங்' விளையாட்டில் தோன்றிய மாரியோ குள்ளமாகவும் பருத்தும் இருந்தார். மிகச் சில புள்ளிகளுக்குள் வாயையும் முடியையும் வரைய இயலாமையால் மீசையும் தொப்பியும் அமைந்தன என்று அவரைப் படைத்த மியாமோத்தோ கூறியுள்ளார். தொழில்நுட்ப நெருக்கடி ஆணுக்கு ஓர் ஆளுமையைத் தந்தது. அதே நெருக்கடியில் பெண்ணுக்குக் கிடைத்தது நாடா.

4. ஐயமும் வெளிப்பாடும்

நிண்டெண்டோ 1986இல் ஜப்பானில் வெளியிட்ட 'மெட்ராய்டு' மொழியியலார்க்குத் தனிச்சிறப்புடையது. அதன் நாயகராகிய சாமஸ் ஆரன் தலைமுதல் கால்வரை கவசம் அணிந்தவர். ஆடுவோர் விளையாட்டை விரைந்து முடித்தால் இறுதியில் கவசம் நீங்கிச் சாமஸ் பெண் எனத் தெரியவரும். ஐந்து மணி நேரத்திற்குள் முடிப்பின் தலைக்கவசம் மட்டும் நீங்கும். மூன்று மணி நேரத்திற்குள் எனின் முழுக்கவசமும் நீங்கும். ஒரு மணி நேரத்திற்குள் எனின் நீச்சலுடை அளவிலான உடையில் தோன்றுவார். ஆடுவோரின் திறமைக்குப் பரிசு நாயகியின் உடலே.

ஜப்பானிய மொழியில் எழுவாயை விட்டுவிடலாம். வினைமுற்றும் பால் காட்டாது. ஆங்கிலக் கையேட்டை எழுதியோர்க்கு அவ்வசதி இல்லை. அவர்கள் சாமசை ஆண்பாற் பெயராற் சுட்டினர். புதிர் காக்கும் உத்தி என்று இதனைக் கொண்டாலும், அவ்வுத்தி பலித்தமைக்குக் காரணம் ஒன்றே. கவசம் அணிந்து போரிடுவோர் ஆண் என்பது சொல்லாமலே பெறப்படும் பொருளாக இருந்தது.

இவ்விடத்தில் தமிழ் மரபு வேறு வழி ஒன்றைக் காட்டுகிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் ஐயக்கிளவி பற்றி விதி கூறுகிறது. தொலைவில் தோன்றுவது மனிதனா மரக்கட்டையா எனத் திணையிலே ஐயம் நேரின் 'உருபு' முதலிய சொல்லால் சுட்டுக என்பதும், உயர்திணை என்பது தெளிந்து ஆணா பெண்ணா என்னும் பாலைய வழிப் பன்மையாற் கூறுக என்பதும் அவ்விதிகளின் கருத்து. முதலில் இயந்திரமோ எனவும் பின்னர் ஆணோ பெண்ணோ எனவும் ஐயுறத்தக்க கவச உருவமாகிய சாமசுக்கு இவ்விரு விதிகளும் அவ்வரிசையிலேயே பொருந்துகின்றன. தமிழில் அக்கையேட்டைப் பெயர்ப்பவர் 'சென்றார்', 'வென்றார்' எனப் பொய்யின்றிப் புதிரைக் காத்திருக்கலாம். அறியாததை அறியாததாகவே வைத்துப் பேசும் இலக்கண இடம் நம் மொழியில் உள்ளது.

5. தன்மையும் படர்க்கையும்

விளையாட்டுகளை வகைப்படுத்துவோர் இலக்கணத்திலிருந்தே கலைச்சொற்களைக் கடன்பெற்றுள்ளனர். பாத்திரத்தின் கண்வழியே உலகைக் காட்டுவது தன்மை நோக்கு. பாத்திரத்தைப் பின்னின்று காட்டுவது படர்க்கை நோக்கு. தமிழில் தன்மை வினை பால் காட்டாது; 'வந்தேன்' என்பது இருபாலுக்கும் பொது. படர்க்கை வினை பால் காட்டும். விளையாட்டிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. வால்வ் நிறுவனத்தின் 'போர்ட்டல்' (2007) தன்மை நோக்கில் அமைந்தது. அதன் நாயகி செல் பேசுவதில்லை. தாம் திறக்கும் இரு வாயில்களின் வழியே தம்மைத் தாமே காணும்போதுதான் ஆடுவோர்க்கு அவர் உருவம் தெரிகிறது. உடல் அங்கே காட்சிப்பொருளாக நிற்க வாய்ப்பில்லை.

படர்க்கை நோக்கின் தலையாய எடுத்துக்காட்டு 'டூம் ரெய்டர்' (1996). இங்கிலாந்தின் டார்பி நகரில் கோர் டிசைன் நிறுவனத்தில் டோபி கார்டு வடிவமைத்த லாரா கிராஃப்ட் குகைகளைத் துழாவும் அறிவும் துணிவும் உடையவர். யாருடைய மீட்புக்கும் காத்திராதவர். ஆயினும் விளம்பரங்கள் அவர் உடலையே முன்னிறுத்தின. அவ்விளம்பரப் போக்கில் மனநிறைவு கொள்ளாத கார்டு 1997இல் நிறுவனத்தை விட்டு விலகினார். 2013இல் கிறிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனம் லாராவை இயல்பான உடலளவுகளோடு மீண்டும் படைத்தது. அளவு மாறியது. எனினும் இளம்பெண்ணின் உடல் குத்துண்டும் வீழ்ந்தும் துன்புறுவதைப் படக்கருவி நின்று நோக்கும் இடங்கள் அதில் மிகுதி. உடலின் அளவைத் திருத்துவதால் நோக்கு தானே திருந்திவிடுவதில்லை.

6. இரு மறுப்புகள்

ஆணுடலும் மிகைப்படுத்தியே வரையப்படுகிறது என்பது முதல் மறுப்பு. இது உண்மை. 'காட் ஆஃப் வார்' (2005) விளையாட்டின் கிரேட்டோசும் 'கியர்ஸ் ஆஃப் வார்' (2006) விளையாட்டின் மார்க்கஸ் ஃபீனிக்சும் இயற்கையில் காணற்கரிய தசைத்திரள் கொண்டோர். கிரேட்டோஸ் மார்பு மூடாதவர். எனினும் அத்தசை அவர் செய்யும் செயலுக்குக் கருவியாகக் காட்டப்படுகிறது. ஆடுவோர் அவ்வுடலாக இருக்க விழைவர் என்னும் எண்ணமே அதனை வரைந்தது. பெண்ணுடலின் மிகையோ பெரும்பாலும் காண்போரை நோக்கியது. 2018இல் கிரேட்டோஸ் நரைத்த தாடியோடும் மகனோடும் திரும்பி வந்தபோது அம்முதுமை அவருக்குக் கனம் சேர்த்தது. முதுமை எய்தும் உரிமை பெற்ற நாயகியர் மிகச் சிலரே. இருப்பினும், ஆணுக்கு வலிமை ஒன்றையே அழகாக விதிப்பதும் ஒருவகைச் சிறை என்பதை மறுத்தற்கில்லை.

இரண்டாவது மறுப்பு கடினமானது. 'பயோனெட்டா' (2009) விளையாட்டின் நாயகியை வடிவமைத்தவர் மாரி ஷிமாசாகி என்னும் பெண்மணி. அந்நாயகியின் உடை அவர் கூந்தலால் ஆனது. கூந்தலைப் படைக்கலமாக ஏவும்போது உடை குறைகிறது. அவர் மிகுந்த ஆற்றலோடு செயற்படும் கணமும் மிகுதியாகக் காட்சிப்படும் கணமும் ஒன்றாகின்றன. செய்பவர், பார்க்கப்படுபவர் என்னும் இருகூற்றுப் பகுப்பு இங்கு நெகிழ்கிறது. இலக்கண உவமை எல்லா இடத்தும் செல்லாது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். ஆயினும் ஒரு விலக்கு விதியை இல்லாததாக்குவதில்லை. குறிபெற்ற வடிவத்தைத் தன் விருப்பத்தோடு ஏற்று விளையாடுவதும், அது குறிபெற்றது என்பதை அறிந்தே செய்யும் செயலாகும்.

7. பெயர்ப்போர் முன்னுள்ள வினா

அண்மை ஆண்டுகளில் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. 'டீமன்ஸ் சோல்ஸ்' மறுவாக்கமும் (2020) 'எல்டன் ரிங்' விளையாட்டும் (2022) பாத்திரம் அமைக்கும் திரையில் 'ஆண்', 'பெண்' என்னும் சொற்களை நீக்கி 'வகை ஏ', 'வகை பி' என உடலுக்குப் பெயரிட்டன. 'பால்டர்ஸ் கேட் 3' (2023) உடல், குரல், மாற்றுப்பெயர் ஆகியவற்றைத் தனித்தனியே தேர்ந்தெடுக்க இடம் தந்தது. உடலின் வடிவம் பெயர்ச்சொல்லை ஆள்வதில்லை என்னும் கொள்கை இங்கே நிரலாக்கப்பட்டுள்ளது.

தமிழில் இதனைப் பெயர்ப்போர்க்கு 'அவர்' என்னும் சொல் உடனடியாகத் தோன்றும். ஆனால் பழைய ஐயப்பன்மை இன்று உயர்வுப்பன்மையாக வழங்குகிறது. 'மாஸ் எஃபெக்ட்' (2007) விளையாட்டின் தளபதி ஷெப்பர்டை ஆடுவோர் ஆணாகவோ பெண்ணாகவோ அமைக்கலாம். உடன்பணியாற்றுவோர் குலப்பெயராலும் பதவிப்பெயராலும் அழைப்பதால் ஒரே உரையாடல் இருவர்க்கும் பெரிதும் பொருந்துகிறது. தமிழிலும் படைவீரர் 'தளபதி வந்துவிட்டார்' எனலாம். ஆனால் கொல்ல வரும் பகைவன் 'அவரைக் கொல்லுங்கள்' என்றால் நகைப்பே விளையும். அவ்விடத்தில் 'அவனை', 'அவளை' என இரு தொடர்கள் வேண்டும். அன்றேல் 'அந்தத் தலை உருளட்டும்' என்றாற்போல உறுப்பாற் சுட்டல் வேண்டும். பெயரெச்சம், தொழிற்பெயர், நான்காம் வேற்றுமை எழுவாய் ஆகியன பால் காட்டாத் தொடர்களுக்கு உதவும். பொத்தான்களில் 'தாவுக', 'சுடுக' என வியங்கோள் அமைப்பின் பாற்சிக்கலே எழாது.

பொருட்பெயர்களில் வேறொரு பொறி உள்ளது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' (2004) போன்ற விளையாட்டுகளில் ஒரே பெயரும் ஒரே காப்பு மதிப்பும் கொண்ட சில கவசங்கள் ஆணுடலில் முழுமையாகவும் பெண்ணுடலில் குறைத்தும் தோன்றின. சொல் ஒன்று, சுட்டுபொருள் இரண்டு. சொற்பட்டியலை மட்டும் பெற்றுப் பெயர்ப்பவர் இதனை அறிய இயலாது. எனவே பெயர்ப்போர்க்குச் சொற்களோடு உருவங்களும் வழங்கப்படுதல் இன்றியமையாதது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, உடற்சித்திரிப்பில் ஏற்றத்தாழ்வு உடையளவில் தொடங்குவதில்லை. எது அடிச்சொல், எது விகுதி என்னும் தீர்மானத்தில் தொடங்குகிறது. இரண்டாவதாக, பலவகைப் பெண்ணுடல்கள் இடம்பெறும்போதுதான் அவற்றுள் எதுவும் பெண்மைக்கு இலக்கணமாகாது. மூன்றாவதாக, பெயர்ப்பு என்பது இத்தீர்மானத்தைச் சுமந்து செல்லும் ஊர்தி மட்டுமன்று. அதனைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. 'மெட்ராய்டு' கையேட்டில் ஒரு சிறு மாற்றுப்பெயர் செய்த பணி இதற்குப் போதிய சான்று. ஒவ்வொரு படர்க்கை வினைமுற்றிலும் பாலைச் சொல்லியாக வேண்டிய தமிழில், அம்முடிவைப் பெயர்ப்பவர் ஒரு விளையாட்டிற்குள் பல்லாயிரம் முறை எடுக்க நேரும். அவற்றை வழக்கத்தின் கையில் விட்டுவிடாமல் தெரிந்து எடுத்தல் வேண்டும்.