மேடைக்கு எதிரே இருந்தவர்கள்

1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் அவர் இருக்கும் படம் சுவரொட்டியாகி ஊர் ஊராகப் போனது. அடுத்த மாதம் நடந்த தேர்தலில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. திரைப்படத்துக்கும் வாக்குக்கும் இப்படி ஒரு நேர்வழி உண்டா என்ற கேள்வி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைத் தமிழகத்தின் பக்கம் திருப்பியது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஹார்டுகிரேவ் 1973இல் தி.மு.க.வையும் அதன் நட்சத்திரங்களையும் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. அமெரிக்கக் கறுப்பினப் பெண் அறிஞரான மார்கரீட் ராஸ் பார்னெட் 1976இல் தென்னிந்தியப் பண்பாட்டுத் தேசியம் பற்றிய நூலை வெளியிட்டார். இருவரும் கட்சியையும் தலைவர்களையும் கூர்மையாகப் பார்த்தார்கள். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ன நினைத்தார் என்பது அப்போது பெரும்பாலும் ஊகமாகவே இருந்தது.

அந்த ஊகத்திலிருந்து ஆய்வு விடுபட்ட கதைதான் கடந்த அரை நூற்றாண்டில் இத்துறையில் நடந்தவற்றுள் முக்கியமானது என்று கருதுகிறேன்.

1981இல் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, யாழ்ப்பாணத்திலிருந்து கார்த்திகேசு சிவத்தம்பி எழுதிய, தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராயும் சிறு நூல். எல்லாச் சாதியாரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஒரு நிகழ்ச்சியைப் பார்த்த முதல் இடம் திரையரங்குதான் என்றார் அவர். அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, கையிலிருந்த காசுதான் தீர்மானித்தது. தரை டிக்கெட்டுக்குக் காசிருந்தால் உள்ளே போகலாம். திரையில் என்ன ஓடியது என்பதற்கு முன்பே அரங்கின் இருக்கை ஒரு அரசியலைச் செய்துவிட்டது என்ற இந்தப் பார்வைக்குப் பின் வந்த எல்லோரும் கடன்பட்டவர்கள்.

மற்றொன்று சு. தியடோர் பாஸ்கரனின் நூல். 1880 முதல் 1945 வரை நாடகக் கம்பெனியும் இசைத்தட்டும் சினிமாவும் தேச விடுதலைச் செய்தியை எப்படிச் சுமந்தன என்பதை ஆராய்ந்தது. விஸ்வநாத தாஸ் போன்ற நடிகர்கள் மேடையில் தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்ற வரலாறு அறிஞர் உலகின் கவனத்துக்கு வந்தது இத்தகைய உழைப்பால்தான். பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரி. பல்கலைக்கழகங்கள் தமிழ் சினிமாவை ஆய்வுக்குரியதாகவே மதிக்காத காலத்தில் அலுவலுக்கு நடுவே ஒருவர் இதைச் செய்தார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

1992இல் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பற்றி எழுதிய நூல், பின்னர் 'பிம்பச் சிறை' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. அதன் கேள்வி இன்றும் சுடுகிறது: 1977 முதல் 1987 வரை, இடையில் சில மாதங்கள் நீங்கலாக, ஆண்ட ஒருவரின் வரிக்கொள்கை ஏழையின் மடியைத்தான் பிடித்தது. சாராயத்தின் வழியே அரசுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் பணம் சேர்ந்தது. அப்படியிருக்க அந்த ஏழைகளே அவரைத் தெய்வமாகக் கொண்டாடியது ஏன்? பாண்டியன் விடையைத் தேடி நாட்டுப்புறக் கதைப்பாடல்களுக்குப் போகிறார். மதுரை வீரனும் காத்தவராயனும் சாதி வரம்பை மீறிக் கொல்லப்பட்டவர்கள். மக்கள் மனத்தில் ஏற்கெனவே வாழ்ந்த அந்த நாயகனின் இடத்தில் திரைநாயகன் வந்து நிற்கிறான். ஆனால் இவன் தோற்பதில்லை. நூலின் கோபம் நியாயமானது, வாதம் வலுவானது. ஆயினும் ரசிகர்கள் அதில் அகப்பட்டவர்களாகவே தெரிகிறார்கள். அவர்கள் பேசுவது நமக்குக் குறைவாகத்தான் கேட்கிறது.

அந்தப் பேச்சைக் கேட்கப் போனவர் சாரா டிக்கி. 1980களின் நடுவில் மதுரையின் ஏழைக் குடியிருப்புகளில் தங்கி, அந்த மக்களோடு படம் பார்த்து, பார்த்தபின் அவர்கள் பேசியதை எழுதிக்கொண்டார். 1993இல் வெளிவந்த அவர் நூலில் வரும் ரசிகர்கள் ஏமாளிகள் அல்லர். படத்தில் நடப்பது தங்கள் வாழ்க்கையில் நடக்காது என்று தெரிந்தே பார்க்கிறார்கள். ரசிகர் மன்றம் அவர்களுக்கு வெறும் பாலாபிஷேகமும் அல்ல. பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவது, ரத்த தானம் செய்வது, தெருவில் நாலு பேர் மதிக்கும் ஆளாவது எல்லாம் அதில் உண்டு. படிப்பும் பணமும் இல்லாத இளைஞனுக்குப் பொதுவாழ்வில் நுழைய வேறு வாசல் எளிதில் திறப்பதில்லை. பாண்டியனின் நூல்தான் அதிகம் பேசப்படுகிறது. ஆனால் ஆய்வு முறையைப் பொறுத்தவரை, டிக்கியின் அமைதியான நூலே நெடுநாள் பயன்படும் என்பது என் எண்ணம்.

அதே மதுரைக்கு 1990களில் வந்த பெர்னார்ட் பேட், பொதுக்கூட்டத்தை ஆய்வுப் பொருளாக்கினார். சுவரொட்டி, தோரணம், கட் அவுட், வரவேற்புரை, மாலை, இறுதியில் தலைவர் பேச்சு: நாம் அன்றாடம் கடந்துபோகும் இவற்றை அவர் ஒரு கலைவடிவமாக வாசித்தார். 2009இல் வந்த நூலில் அவர் கவனித்த முரண் அருமையானது. வாக்குரிமை எளியவர்களிடம் வந்துசேர்ந்த காலத்தில் மேடையின் மொழி எளிமையாகியிருக்க வேண்டும் என்றே யாரும் நினைப்பார்கள். காமராசர் அப்படித்தான் பேசினார். ஆனால் கூட்டத்தை ஈர்த்தது அண்ணாவின் செந்தமிழ் நடை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்தத் தமிழைத் தங்கள் உடைமையாக உணர்ந்து கேட்டார்கள். தமக்குப் புரியும் அளவுக்குத் தாழ்த்திப் பேசியவரைவிட, தம்மை உயர்ந்த மொழிக்கு உரியவராக நடத்தியவரை அவர்கள் விரும்பியிருக்கலாம்.

பேட்டின் அடுத்த தேடல் இன்னும் ஆழமானது. ஒருவர் எழுந்து நின்று, முன்பின் அறியாத, பலதரப்பட்ட மக்களை நோக்கித் தமிழில் உரையாற்றும் வழக்கம் எப்போது தொடங்கியது? அது என்றென்றும் இருந்ததாகவே நாம் நினைக்கிறோம். பேட் அதன் வேரைப் புரட்டஸ்தாந்துப் பிரசங்கத்தில் கண்டார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பேர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், அந்தப் பிரசங்க வடிவைக் கைக்கொண்டு, 1847 டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். ஆனால் சமயத்தில் பழகிய அந்த வடிவம் அரசியலுக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேலானது. அதுவரை அரசியல் ஆங்கிலம் படித்தவர்களின் ஆங்கிலப் பேச்சு. சுதேசி இயக்கக் காலத்தில்தான் சென்னைக் கடற்கரையிலும் தூத்துக்குடியிலும் பாரதியும் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பொதுமக்களிடம் தமிழில் அரசியல் பேசினார்கள். 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையே திரு.வி.க. பேசியதும் அதே ஓட்டம்தான். மில் தொழிலாளியை அரசியல் பேச்சுக்கு உரிய கேட்பவராக ஏற்றுக்கொண்டதே ஒரு பெரும் மாற்றம். பேட் 2016இல் காலமானார். இ. அண்ணாமலை உள்ளிட்ட அறிஞர்கள் அவர் விட்டுச்சென்ற பக்கங்களைச் சேர்த்து 2021இல் நூலாக்கினார்கள். தமிழில் முழுமையாக வர வேண்டிய நூல்களில் இதை முதலில் வைப்பேன்.

செய்தித்தாளின் பக்கம் வந்தால், 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி'யைத் தவிர்க்க முடியாது. பேச்சுத் தமிழுக்கு நெருங்கி எழுத வேண்டும் என்று செய்தி எழுதுவோருக்குக் கையேடே எழுதியவர் அவர். டீக்கடையில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் மறுத்துப் பேசும் பழக்கத்தை, டொரண்டோ பல்கலைக்கழக மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி அக்கறையோடு ஆராய்ந்தார். அவருடைய 2013ஆம் ஆண்டு நூல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தைப் பற்றியது. எழுத்தறிவு வந்தால் குடிமை உணர்வு தானே வரும் என்பது அறிவொளியின் நம்பிக்கை. கோடி கண்டது அவ்வளவு நேரானதல்ல. கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் தங்கள் ஊருக்காக மனு எழுதி ஆட்சியர் அலுவலகம் போகிறார்கள். கைநாட்டுக்குப் பதில் தன் பெயரை எழுதியதில் பெருமை உண்டு. ஆனால் அலுவலகத்தில் அவர்கள் நின்றது அதே வரிசையில்தான், மனு போன வழியும் பழைய வழிதான். தன்னார்வலர்களின் அர்ப்பணிப்பைக் குறைக்காமல் அந்த நம்பிக்கையின் எல்லையை அவர் காட்டுகிறார்.

2023இல் வந்த கோடியின் அடுத்த நூல் செய்தியே நிகழ்ச்சியாகிவிடும் காலத்தைப் பேசுகிறது. 2007 மே மாதம் மதுரையில், கலைஞரின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பு வெளியானதைத் தொடர்ந்து 'தினகரன்' அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் உயிரிழந்தார்கள். 'நக்கீரன்' அலுவலகம் 2012இல் தாக்கப்பட்டது. படிக்கும் பொதுமக்கள் வேறு, திரளும் கும்பல் வேறு என்று பிரித்தே ஐரோப்பியக் கோட்பாடுகள் பேசிவந்தன. இங்கே படித்த கையே கல்லையும் எடுக்கிறது என்பதை நேர்மையாக எதிர்கொள்ளும் கோட்பாடு நமக்கு வேண்டும்.

கைப்பேசிக் காலத்துக்கு ஸ்ரீராம் வெங்கட்ராமன் 2017இல் எழுதிய நூல் வழிகாட்டுகிறது. சென்னையை ஒட்டிய தகவல் தொழில்நுட்பச் சாலைப் பகுதிக்குப் 'பஞ்சகிராமி' என்று புனைபெயரிட்டு ஆராய்ந்தவர், சாதியும் உறவும் வகுப்பும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் கலையாமல் தொடர்வதைப் பதிவு செய்தார். இளம்பெண்ணின் கைப்பேசிக்கு வீட்டார் விதிக்கும் கட்டுப்பாடும் அதில் உண்டு. சிவத்தம்பி கண்ட ஒரே கூரை இங்கே இல்லை. ஒவ்வொரு குழுவும் தனி அறை.

இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் கிடக்கிறது. மதுரைக் குடியிருப்பும் புதுக்கோட்டைக் கிராமமும் தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்க முடியாது, தவறென்றால் மறுக்கவும் முடியாது. மறுப்பு இல்லாத ஆய்வு பாதிதான் முடிந்தது. நம் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறையும் இதழியல் துறையும் அரசியல் அறிவியல் துறையும் சேர்ந்து இந்த நூல்களை மொழிபெயர்க்கலாம். கூடவே, மாவட்டந்தோறும் பழைய கட்சிக்காரர்களின் பெட்டிகளில் இருக்கும் கூட்டத் துண்டறிக்கைகளையும் பேச்சு ஒலிநாடாக்களையும் சேகரிக்க மாணவர்களை அனுப்பலாம். ஒலிநாடாவுக்கு ஆயுள் குறைவு. அந்தப் பேச்சைக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கோ இப்போது எழுபது எண்பது வயதாகிறது.