எமிலும் அவனுடைய ஆசானும்

ரூசோவின் 'எமில்', 'சமுதாய ஒப்பந்தம்' ஆகிய இரு நூல்களையும் எங்களில் பலர் வெவ்வேறு வழிகளில்தான் அறிந்து கொண்டோம். முன்னையது ஆசிரியர் பயிற்சியோடு வந்தது. பிள்ளையை மையமாகக் கொண்ட கல்வி, இயற்கையோடு இயைந்த கல்வி என்று குறிப்பெடுத்துப் பரீட்சையில் எழுதினோம். பின்னையது அரசியல் வகுப்புகளில் வந்தது. இரண்டும் 1762இல் சில வார இடைவெளியில் வெளிவந்தவை என்பதையே நான் இங்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

வழக்கமான வாசிப்பு இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும். 'எமில்' தனிமனிதனின் சுதந்திரத்துக்கான நூல், மற்றையது தனிமனிதனைச் சமூகத்திடம் ஒப்படைக்கும் நூல், ஆகவே ரூசோ முரண்பாடுகளின் மனிதர் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. இரண்டிலும் இருப்பது ஒரே ஏற்பாடுதான். அரசியல் நூலைவிடக் கல்வி நூலிலேயே அது வெளிப்படையாகத் தெரிகிறது.

எமிலுக்கு அடி இல்லை, கட்டளை இல்லை, மனப்பாடம் இல்லை. குழந்தைப் பருவத்தில் புத்தகம்கூட இல்லை. ஆனால் அவனைச் சுற்றி நடப்பதில் பெரும்பகுதி ஆசான் முன்கூட்டியே ஒழுங்கு செய்தது. தோட்டத்தில் அவன் அவரை விதைக்கிறான். ஒருநாள் செடிகள் பிடுங்கப்பட்டுக் கிடக்கின்றன. அந்த நிலத்தில் தான் ஏற்கெனவே முலாம்பழம் போட்டிருந்ததாகத் தோட்டக்காரன் சண்டைக்கு வருகிறான். இது சொத்துரிமை பற்றிய பாடம். மொன்மொரன்சிக் காட்டில் வழிதவறிப் பசியோடு அழுகிறான். ஆசானுக்கு வழி தெரியும், ஆனாலும் தெரியாதவர்போல் கூட அலைகிறார். இது திசையறியும் பாடம். தான் முன்பு பொறுப்பேற்றிருந்த ஒரு பிடிவாதக்காரச் சிறுவனைப் பற்றியும் ரூசோ சொல்கிறார். தனியே வெளியே போவேன் என்று அடம்பிடித்தவனைப் போகவிடுகிறார். தெருவில் அவனைக் கேலி செய்யும்படி அயலாருக்கு முதலே சொல்லிவைத்தாயிற்று. பின்னால் ஓர் ஆள் தெரியாமல் தொடர்ந்து போகிறார். பையன் வெட்கிப்போய்த் திரும்பி வருகிறான்.

ரூசோ இதை ஒளிக்கவில்லை என்பது அவருடைய நேர்மை. மாணவன் தன்னை எசமான் என்று நம்பட்டும், உண்மையான எசமானாக நீயே இரு என்று ஆசானுக்கு நேராகவே புத்தி சொல்கிறார். பையன் தான் விரும்பியதையே செய்வான், ஆனால் அவனுடைய விருப்பம் ஆசானின் விருப்பத்தை மீறாது. நூலின் முடிவில் எமில் வளர்ந்து, மணம் முடித்து, தகப்பனாகப் போகிறான். அப்போது ஆசானிடம் அவன் கேட்பது என்ன? எங்களை விட்டுப் போகாதீர்கள், தொடர்ந்து வழிநடத்துங்கள் என்பதுதான். சுதந்திரத்துக்காகவே வளர்க்கப்பட்டவனின் கடைசி வேண்டுகோள் இது.

நாங்கள் பிரம்பின் கீழ் படித்தவர்கள். பிரம்பை நியாயப்படுத்த எனக்கு எந்த விருப்பமும் இல்லை. ஆனால் பிரம்பை வெறுக்க முடிந்தது. அது யாருடைய கையில் இருக்கிறது என்பது தெரிந்தது. பள்ளிக்கூடப் படலையோடு அதன் எல்லையும் முடிந்தது. எமிலுக்கு வெறுப்பதற்குக்கூட ஓர் ஆள் இல்லை.

'சமுதாய ஒப்பந்த'த்தில் இதே ஆசான் வேறு உடுப்பில் வருகிறார். பொதுவிருப்புக்குப் பணிய மறுப்பவனைச் சமூகம் முழுவதும் சேர்ந்து பணியவைக்கலாம் என்கிறார் ரூசோ. அப்படிப் பணியவைப்பதையும் விடுதலை என்றே அழைக்கிறார். பொதுவிருப்புச் சரியாக வெளிப்பட வேண்டுமானால் அரசுக்குள் தனிக்குழுக்கள் இருக்கக்கூடாது என்கிறார். 1952இல் டால்மன் இதிலிருந்துதான் சர்வாதிகார ஜனநாயகத்தின் மூலத்தைத் தேடினார். அது சற்று அவசரமான தீர்ப்பு. மக்களின் இறைமையை எவரும் பிரதிநிதித்துவம் செய்ய முடியாது என்று வாதிட்டவரும் இதே ரூசோதான். எந்தக் கட்சிக்கும் எந்தத் தலைவருக்கும் அவர் முத்திரை குத்திக் கொடுக்கவில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மக்கள் தங்கள் நன்மையை எப்போதும் விரும்புவார்கள், ஆனால் எப்போதும் அதை அறியமாட்டார்கள் என்று அவர் கருதுகிறார். ஆகவே சட்டம் வகுத்துத் தரும் ஒரு மேதை தேவைப்படுகிறான். அந்த இடத்தில் வந்து நிற்க ஆட்கள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள்.

எங்களுக்கு இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய தேவையில்லை. 1986இல் மற்ற இயக்கங்கள் அழிக்கப்பட்டதும், தொண்ணூறுகளின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற 'பாஸ்' எடுக்க நின்றதும் மக்களின் விருப்பின் பேரால்தான் நடந்தன. மறுபக்கத்தில் அரசு, 1983இல் ஆறாவது திருத்தத்தைக் கொண்டுவந்து, பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய் என்றது. ரூசோவின் நூலிலும் கடைசிப் பகுதியில் ஒரு குடியியல் மதம் உண்டு. அதை ஏற்காதவனை நாடுகடத்தலாம். எழுதியவரோ நூல் வந்த சில வாரங்களிலேயே மதத்தின் பேரால் ஓட நேர்ந்தது. பாரிஸில் 'எமில்' எரிக்கப்பட்டது, ஜெனீவாவில் இரண்டு நூல்களும் எரிக்கப்பட்டன. பேர்ண் அரசு தங்கவிடவில்லை. மோத்தியேயில் 1765இல் அவருடைய வீட்டுக்குக் கல்லெறி விழுந்தது.

சோபி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எமிலுக்கு மனைவியாவதற்காகவே அவள் வளர்க்கப்படுகிறாள். மேரி வுல்ஸ்ரன்கிராப்ற் 1792இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்.

'எமில்' நூலின் தொடக்கத்தில் ரூசோ ஒரு தெரிவை முன்வைக்கிறார்: மனிதனை உருவாக்குவதா, குடிமகனை உருவாக்குவதா, இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது. பத்து வருடங்களுக்குள் போலந்தின் அரசு பற்றி எழுத உட்கார்ந்தபோது அவர் குடிமகனைத் தெரிந்துகொண்டார். பிள்ளை கண் திறந்தது முதல் தாய்நாட்டையே காண வேண்டும். தனித்தனியாக விளையாடவும் விடக்கூடாது, எல்லோரும் சேர்ந்து பொதுவில் விளையாட வேண்டும். அயலரசுகளிடம் நாட்டைப் பறிகொடுக்கும் ஆபத்தில் இருந்த ஒரு மக்களுக்கு எழுதியது அது. அந்தப் பயத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளும் அதே பயத்தில் பிறந்தவைதான்.

நானும் அப்படி ஒன்றில் சில வருடங்கள் படிப்பித்தேன். 'எனது தாய்நாடு' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது பத்து வயதுப் பிள்ளை ஒன்று, தன் நாடு தான் பிறந்த இந்த ஊர்தான் என்றும் அம்மம்மாவின் நாட்டைப் படத்தில் மட்டும் பார்த்திருப்பதாகவும் நாலு வரி எழுதியிருந்தாள். நான் ஏசவில்லை. பிழை என்றும் சொல்லவில்லை. "அம்மம்மாவின்ரை வீடு ஆற்றை வீடு, பிள்ளை?" என்று கேட்டேன். "எங்கடை எண்டு அம்மா சொல்லுறவ" என்றாள். "அப்ப அந்த ஊர்?" இப்படி ஐந்தாறு கேள்விதான். பிறகு அவளாகவே அழிறப்பரை எடுத்து நாலு வரியையும் அழித்துவிட்டு மற்றப் பிள்ளைகள் எழுதியதை எழுதினாள். ஆண்டு விழாவில் அதை மேடையில் வாசித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். முதலில் என்ன எழுதியிருந்தாள் என்பது அந்த மண்டபத்தில் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.