தங்கம் மேலேறும் தட்டு

1848இல் கலிபோர்னியாவின் அமெரிக்கன் ஆற்றங்கரையில் தங்கம் கிடைத்தபின், தேடி வந்தவர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தட்டில் மண்ணை அலசினார்கள். இடுப்பொடிக்கும் வேலை. சலித்துச் சேர்த்த கருமணலிலிருந்து தங்கத்தைப் பிரிக்க இன்று மோட்டார் தட்டு உண்டு: சாய்த்து நிறுத்திய பிளாஸ்டிக் வட்டு, நத்தை ஓடுபோல் சுருளும் வரப்புகள், சுழற்ற 12 வோல்ட் பேட்டரி.

தண்ணீர் பீய்ச்சும்போது லேசான மணல் வரப்பைத் தாண்டிக் கீழே வழிகிறது. தண்ணீரைவிட 19 மடங்கு கனமான தங்கமோ வரப்படியில் தங்கி, சுற்றுச்சுற்றாக நடுத்துளைக்கு ஏறி, பின்னாலுள்ள கிண்ணத்தில் விழுகிறது. கனமானது மேலே, லேசானது கீழே! பார்க்கப் பார்க்க எனக்கு அலுப்பதில்லை. தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் நச்சுப் பாதரசத்தைத் தொடாமலே இவ்வளவும் நடப்பது பெரிய விஷயம். ஆனால் கருமணலிலுள்ள மேக்னடைட் என்ற இரும்புத்தாதுவும் கனம்தான். சாய்வையும் வேகத்தையும் பொறுமையாகத் திருத்தும் கை வேண்டும். சாய்வு மிகுந்தால் பொடித்தங்கமும் மணலோடு போய்விடும்.