சுவர்கள் பேசும் வீடு: ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’

1953இல் வெளிவந்த ‘ஃபாரன்ஹீட் 451’, நூல்களை எரிப்பதே தீயணைப்புப் படையினரின் கடமையாகிவிட்ட ஓர் எதிர்கால அமெரிக்காவைச் சித்திரிக்கிறது. மக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. எனவே அரசுத் தணிக்கைக்கு எதிரான நாவலாகவே அதனைப் பலரும் வாசித்துவந்தனர். 2007இல் அளித்த நேர்காணலொன்றில் பிராட்பரியே இவ்வாசிப்பை மறுத்தார். தொலைக்காட்சி வாசிப்பை அழிப்பது பற்றியே தாம் எழுதியதாகக் கூறினார். ஆசிரியர் கூற்றை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் நாவலின் உட்சான்று அவர் பக்கமே நிற்கிறது.

படைத்தலைவன் பீட்டி, கதைநாயகன் மான்டாகுக்கு அளிக்கும் நீண்ட விளக்கத்தை நோக்குக. நூல்களைக் கைவிடுமாறு முதலில் எந்த ஆணையும் பிறக்கவில்லை என்கிறான் அவன். நூல்கள் சுருக்கங்களாயின, சுருக்கங்கள் துணுக்குகளாயின, எவர் மனமும் புண்படலாகாது என்று ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்தைக் கிழித்தது. தீ பின்னரே வந்தது. இதே நாவலுக்கு நேர்ந்த கதியும் அதுதான். 1967இல் பாலன்டைன் பதிப்பகம் பள்ளி மாணவர்க்கென வெளியிட்ட பதிப்பில் ஏறத்தாழ 75 இடங்கள் ஓசையின்றித் திருத்தப்பட்டன. எந்த அரசும் அதனைக் கோரவில்லை.

மான்டாகின் மனைவி மில்ட்ரெட், மூன்று சுவர்களையும் நிறைத்த திரைகளுக்கு நடுவே வாழ்கிறாள். காதுகளில் எந்நேரமும் சிறு வானொலிகள். திரையில் தோன்றுவோரே அவளுக்குக் ‘குடும்பம்’. நான்காம் சுவருக்கும் திரை வேண்டும் என்கிறாள். அதன் விலை கணவனின் ஆண்டு வருமானத்தில் மூன்றிலொரு பங்கு. அத்திரைகளில் கோமாளிகள் ஒருவர் அங்கத்தை ஒருவர் வெட்டுகின்றனர். சிரிப்பொலி அலையாய் எழுகிறது. வெளியேயோ, தன் நண்பர்களுள் அறுவர் ஓராண்டில் சுட்டுக் கொல்லப்பட்டதாகச் சிறுமி கிளாரிஸ் சொல்கிறாள். இரண்டையும் இணைத்து பிராட்பரி எந்தத் தேற்றமும் நிறுவுவதில்லை. அது நாவலின் வலிமை.

உச்சம் மான்டாகைத் துரத்தும் காட்சி. அது நேரடியாக ஒளிபரப்பாகிறது. அவன் ஆற்றைக் கடந்து தப்பிவிடவே, பார்வையாளர் பொறுமை தீருமுன் நிகழ்ச்சி முடிந்தாக வேண்டுமென்று, தெருவில் தனியே நடந்த ஓர் அப்பாவியை இயந்திர நாய்க்கு இரையாக்குகிறார்கள். இதனினும் கூர்மையானது அதற்குச் சற்று முந்தைய கணம்: ஃபேபரின் வீட்டுச் சிறு திரையில் தன் வேட்டையைத் தானே காணும் மான்டாகுக்கு, அங்கேயே அமர்ந்து முடிவுவரை பார்க்கலாமே என்று தோன்றுகிறது! இரையையும் பார்வையாளனாக்கும் இந்த மயக்கத்தைப் பிராட்பரி அளவுக்குக் கண்டுணர்ந்தோர் அவர் காலத்தில் மிகச் சிலரே.

குறைகளும் உள. மில்ட்ரெட்டின் உள்ளத்துக்குள் நாவல் நுழைவதே இல்லை. உறக்க மாத்திரைகளை அளவின்றி விழுங்கிய இரவை மறுநாள் அவள் மறுக்கிறாள். அந்த மறுப்பின் பின்னுள்ள துயரை ஆராயாது, ஏளனத்தோடு கடந்துவிடுகிறார் ஆசிரியர்.

முடிவில் நூல்களை மனனம் செய்த மனிதர்கள் வருகின்றனர். ஹிஃப்ழ் மரபை அறிந்த வாசகர் இவ்விடத்தில் நெகிழ்வர். ஆனால் வேறுபாட்டையும் காண்பர். தராவீஹில் ஓதும் ஹாஃபிழ் ஒரு சொல்லைத் தவறவிட்டால் பின்வரிசையிலிருந்து அச்சொல் எடுத்துக் கொடுக்கப்படும். பிராட்பரியின் மனிதர்கள் ஆளுக்கொரு நூலைச் சுமந்து, கேட்போர் வரும் காலத்தை எதிர்நோக்கியிருக்கின்றனர். ஒருவர் இறந்தால் மாற்று ஆள் உண்டு. தவறினால் திருத்தும் செவிகள் இல்லை.